33 டிகிரிக்குத் திணறும் ஊர், 5 டிகிரிக்கு நடுங்கும் வீடு

கேள்வி: நான் வெப்பமான ஊரில் பிறந்து வளர்ந்தவன். இரண்டு வருடமாகக் குளிர்ப் பிரதேசத்தில் வேலை. போன கோடையில் இங்கே வெறும் 33 டிகிரி. அதற்கே ரயில்களின் வேகத்தைக் குறைத்தார்கள். 'இதெல்லாம் ஒரு வெயிலா' என்று சிரித்தேன். மூன்றாம் நாள் ராத்திரி என்னாலேயே வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ஊரில் அப்பாவும் அம்மாவும் 5 டிகிரிக்கே நடுங்குகிறார்கள். இங்கே நான் மைனஸ் பத்தில் நடந்து வேலைக்குப் போகிறேன். அடுத்த வாரம் அங்கே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று முன்னறிவிப்பு வந்திருக்கிறது. என் உடம்பு மாறிவிட்டதா? இரண்டு வீட்டிலும் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: அடுத்த வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் காரணமெல்லாம் அப்புறம். முதலில் அப்பா அம்மா வீட்டைப் பார்ப்போம்.

அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய்கள் எந்த வழியாகப் போகின்றன என்று இன்றே கேளுங்கள். அநேகமாக வெளிச்சுவர் ஓரமாக, கூரை மேலே, திறந்தவெளியில் போகும். உறைபனியே தெரியாத ஊரில் அது சரியான முடிவுதான். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், சுவரை உடைக்காமல் மாற்றலாம். நீங்கள் இருக்கும் பக்கத்தில் அதே குழாய் மண்ணுக்கு அடியில், உறைபனி இறங்காத ஆழத்தில் வந்து நேராக வீட்டுக்குள் ஏறும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வட பகுதியில் மண் அவ்வளவு ஆழம் உறையும் என்பதால், அஸ்திவாரமே ஐந்தடிக்குக் குறையக்கூடாது என்று கட்டட விதி இருக்கிறது.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பனிக்கட்டி பிதுங்கித்தான் குழாய் வெடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரு பக்கம் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது, மறுபக்கம் நாம் குழாயை இறுக மூடி வைத்திருக்கிறோம். நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி ஏறி, உறையாத இடத்தில் குழாய் பிளந்துவிடுகிறது. இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிடச் சொல்வது இதனால்தான். சொட்டும் தண்ணீர் உறைவதைத் தடுக்காமல் போகலாம். ஆனால் அழுத்தம் வெளியேற வழி இருக்கும். சூடேற்றாத பரணுக்குள் போகும் காப்பில்லாத குழாய்க்கு மைனஸ் 7 வாக்கில்தான் ஆபத்து என்று அமெரிக்காவில் நடந்த சோதனைகள் காட்டின. காற்று அடிக்கும் இடத்தில் தொங்கும் குழாய்க்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. எனவே வெளிக்குழாய்களைப் பழைய துணி, நுரைப்பஞ்சு எது கிடைக்கிறதோ அதைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டச் சொல்லுங்கள். துணி நனைந்தால் பயனில்லை. இன்னும் பத்திரமான வழி: சாயங்காலமே பிரதான வால்வை மூடி, வெளியே போகும் பகுதியில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, ராத்திரிக்கு வேண்டியதைப் பாத்திரங்களில் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வது.

அடுத்தது அறை. வெப்பமான ஊர் வீடு காற்று புகுந்து வெளியேறக் கட்டிய வீடு. அதை முழுவதும் சூடாக்க முயன்றால் மின்கட்டணம்தான் சூடாகும். வெளிச்சுவர் குறைவாக உள்ள சின்ன அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கதவின் அடி இடைவெளியைத் துணியால் அடைத்து, தரையில் கனமாக ஏதாவது விரித்து, ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, குளிர் தணியும்வரை அதிலேயே இருக்கட்டும். மின்சார ஹீட்டர் இருந்தால் நேரே சுவர் பிளக்கில் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அது எட்டாவிட்டால் வீட்டுக்குள்ளேயே தொப்பி, காலுறை, இரண்டு மூன்று அடுக்கு உடை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், அதற்கு மாத்திரை சாப்பிடுபவர்களானால் ஒரு வேளையும் விடக்கூடாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்போ, ஜெனரேட்டரோ, எரிபொருளை எரிக்கும் வேறு எந்தக் கணப்போ கூடவே கூடாது. குளிருக்குப் பழகாத ஊர்களில் குளிரைவிட இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவதுபோல வந்து ஆளை முடித்துவிடும்.

சரி, இப்போது உங்கள் உடம்புக் கேள்வி.

வெயிலுக்கு உடம்பு பழகும். தினமும் சூட்டில் கொஞ்சம் உழைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரம் சுரக்கும், நிறையச் சுரக்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். ஆனால் இது பிறப்பிலிருந்து சேர்த்து வைத்த சொத்து கிடையாது. சூட்டை விட்டு விலகிய சில வாரங்களில் போய்விடும். புதிதாக வெயிலில் வேலைக்கு வருபவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் 20 சதவீதம்தான், பிறகு நாளுக்கு இருபது இருபதாகக் கூட்டு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வழிகாட்டுதல் சொல்வதும் இதனால்தான். அந்தக் கோடையில் நீங்கள் சொந்த ஊர்க்காரராக இல்லை, பக்கத்து வீட்டுக்காரரைப் போல ஒருவர்தான்.

குளிருக்கு உடம்பு அந்த அளவு பழகுவதில்லை. அங்கே வேலை செய்வது கோட்டும் வீடும். நீங்கள் மைனஸ் பத்தில் இருப்பது இருபது நிமிடம்; பிறகு இருபது டிகிரிக்கு மேல் சூடான அறை. அப்பாவும் அம்மாவும் அந்த 5 டிகிரியிலிருந்து வெளியே வரவே முடிவதில்லை, அது வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது அனுமானம் இல்லை. 1990களில் ஐரோப்பாவின் பல ஊர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, வெப்பநிலை ஒரே அளவு இறங்கும்போது ஃபின்லாந்தைவிட ஏதென்ஸ் போன்ற சூடான ஊர்களில்தான் மரணம் அதிகம் கூடுகிறது என்று கண்டது. தெற்கில் வீட்டைச் சூடேற்றுவது குறைவு, வெளியே போகும்போது தொப்பியும் கையுறையும் குறைவு. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரத்தில், நாற்பதுக்கும் கீழான மைனஸிலும் மரண விகிதம் கூடவில்லை என்று இன்னொரு ஆய்வு சொன்னது. அங்கே தடிமனான ரோம உடையும் கொதிக்கும் வீடும் உண்டு. போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் குளிர்காலத்தில் கூடுதலாகும் மரணங்களின் விகிதம் ஃபின்லாந்தைவிட அதிகம் என்பது பொதுச் சுகாதாரம் படிப்பவர்களுக்குப் பழைய செய்தி.

ஆகவே தெர்மாமீட்டர் எண்ணைப் பார்த்து யாரையும் எடை போடாதீர்கள். அந்த ஊரின் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் கணக்கு. வானிலைத் துறைகளும் அப்படித்தான் எச்சரிக்கின்றன. பிரிட்டனில் லண்டனுக்கு மூன்று நாள் தொடர்ந்து 28 டிகிரி என்றால் வெப்ப அலை. வடக்கே 25 போதும். இந்தியாவில் சமவெளிக்கு 40, மலைப் பகுதிக்கு 30 தொட்டால்தான் அந்தப் பேச்சே வரும். குளிர் அலைக்கோ சமவெளியில் 10 டிகிரிக்கு இறங்கினாலே பேச்சு தொடங்கிவிடும். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி வானிலை அலுவலகம், குளிரில் விறைத்த இகுவானா என்ற பெரிய பல்லி இனப் பிராணிகள் மரத்திலிருந்து விழலாம், ஜாக்கிரதை என்று ஒரு அறிவிப்பே விட்டது. அங்கே அதுவும் வானிலைதான்.

ரயில் சமாசாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் சிரித்தது அதற்குத்தான். தண்டவாளத்தை ஏதோ ஒரு வெப்பநிலையில் இழுவிசையும் அழுத்தமும் இல்லாமல் பதிக்க வேண்டும். பிரிட்டனில் அது 27 டிகிரி. வெயிலில் கிடக்கும் இரும்பு காற்றைவிட இருபது டிகிரி வரை கூடுதலாகச் சுடும். 33 டிகிரி நாளில் தண்டவாளம் ஐம்பதைத் தாண்டலாம். நீள இடமில்லாமல் பக்கவாட்டில் நெளியும். அதனால்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள். வெப்ப நாடுகளில் இந்த அளவை உயர்த்தி வைக்கிறார்கள். இங்கேயும் உயர்த்தலாமே என்றால், குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கி விரிசல் விடும். இரண்டையும் சமாளிக்கும் ஒரே எண் கிடையாது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானபோது இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே நாளில் உடைந்தன.

இதன் மறுபக்கம் 2021 பிப்ரவரியில் கடும் குளிரில் சிக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். அங்கே பல மின் நிலையங்களில் கொதிகலன்கள் கட்டடத்துக்குள் இருப்பதில்லை. கோடையில் சூடு வெளியேற வசதியாகத் திறந்தவெளியில் நிற்கின்றன. குளிர் வந்ததும் எரிவாயுக் கிணறுகளும், கருவிகளுக்குப் போகும் சின்னக் குழாய்களும் உறைந்தன. ஓர் அணு உலைகூட உறைந்துபோன உணர்கருவிக் குழாய் ஒன்றால் நின்றது. காற்றாலைகளும் நின்றன, இதே காற்றாலைகள் இன்னும் கடுமையான குளிர் நாடுகளில் சூடேற்றும் கருவியோடு ஓடுகின்றன. அதே நேரத்தில் மின் தேவை எகிறியது, அதற்கு எளிய கணக்கு உண்டு. வெளியே 40 இருக்கும்போது வீட்டை 25க்குக் கொண்டுவர 15 டிகிரி இடைவெளியைக் கடக்க வேண்டும். வெளியே மைனஸ் 15 என்றால் 20க்கு ஏற்ற 35 டிகிரி. காப்பில்லாத வீட்டுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல் சுமை. 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் அலுவலகங்களும் இருட்டாயின. அரசுக் கணக்கில் மரணங்கள் 246, அதில் கார்பன் மோனாக்சைடால் நேர்ந்தவையும் உண்டு. அதனால் அடுத்த வாரம் அப்பா அம்மா வீட்டில் மின்சாரமே இருக்காது என்று வைத்துக்கொண்டு போர்வையும் டார்ச்சும் எடுத்து வைப்பது நல்லது.

உங்கள் வீட்டுக்குக் கோடை வரை நேரம் இருக்கிறது. மூன்றாம் ராத்திரி வாட்டியது வெளி வெயில் இல்லை. குளிர் நாட்டு வீட்டில் சூரியனை உள்ளே வரவேற்கப் பெரிய கண்ணாடி ஜன்னல்கள் இருக்கும், வெளியே மறைப்பு இருக்காது. புகுந்த வெப்பத்தை அதே நல்ல காப்பு வெளியே விடாது. நாளுக்கு நாள் சுவரில் சேரும். 2021 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெப்பத்தால் இறந்த 619 பேரில் 98 சதவீதம் பேர் கட்டடங்களுக்குள் இறந்தவர்கள், பெரும்பாலோர் முதியவர்கள்.

எனவே உள்பக்கத் திரையை நம்பாதீர்கள். கண்ணாடியைத் தாண்டிய வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெளிர் நிறத் துணியோ பாயோ தொங்கவிட ஏற்பாடு செய்யுங்கள், வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பகலில் வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும்வரை ஜன்னல்களை மூடி வையுங்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் இதை நேர்மாறாகச் செய்வார்கள். இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து சுவரின் சூட்டை வடியுங்கள். மின்விசிறி 40 டிகிரி வரைக்கும் உதவும். அதற்கு மேல் அது அனலைத்தான் வீசும். தோலை ஈரமாக வைத்துக்கொண்டால் விசிறியின் பலன் கூடும். மேல்தளத்தில் தனியாக இருக்கும் வயதானவர் யாராவது உங்கள் கட்டடத்தில் இருந்தால் அந்த நாட்களில் கதவைத் தட்டிப் பாருங்கள்.

மறுபடி அப்பா அம்மா வீட்டுக்கு. பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள், அது திரும்புகிறதா என்று இன்றே திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு முதல் திருகலில் பிடித்துக்கொள்ளும்; அதைச் சரிசெய்ய ஆள் தேட இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது.