வாசகர் கேள்வி–பதில்: மொலோகியா ஏன் அடியில் தங்குகிறது?

கேள்வி: இரண்டு ஆண்டுகள் கெய்ரோவில் வேலை பார்த்தபோது, பக்கத்து வீட்டு அம்மையார் வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கு ஒரு கிண்ணம் மொலோகியாக் கீரைக் குழம்பு கொடுத்தனுப்புவார். அதே சுவையில் வைக்க வேண்டும் என்று உறையவைத்த கீரைப் பொட்டலத்தை வாங்கி மூன்று முறை முயன்றுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கீரை அடியில் தங்கி, மேலே வெறும் தண்ணீர் தெளிந்து நிற்கிறது, நிறமும் மங்கிப்போகிறது. கீரை நன்றாக வேக வேண்டுமே என்று இருபது நிமிடம் மூடிவைத்துக் கொதிக்கவிடுகிறேன். எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் கடைசிச் செய்தியில்தான் தவறு இருக்கிறது. மொலோகியாவை மூடவும் கூடாது, கீரை சேர்த்தபின் தளதளவென்று கொதிக்கவிடவும் கூடாது. நீங்கள் பார்த்ததை எகிப்தியப் பெண்கள் ‘மொலோகியா விழுந்துவிட்டது’ என்றே சொல்வார்கள். அந்த அளவுக்கு அங்கே எல்லா வீட்டிலும் அறிந்த சங்கடம் அது.

மொலோகியா என்பது சணல் செடி வகைகளில் ஒன்றின் இளம் இலை. இலையை நறுக்கும்போது அதிலிருந்து வழவழப்பான பசை வெளிப்படுகிறது. பொடியாக நறுக்கிய இலைத்துணுக்குகளைச் சாற்றின் எல்லாப் பக்கமும் மிதக்கவிட்டுத் தாங்கிப் பிடிப்பது இந்தப் பசைதான். நெடுநேரம் கொதித்தால் பசையின் பிடிப்புத் தளர்ந்து இலை கீழே இறங்கிவிடும். மூடி போட்டால் கீரையிலிருந்து ஆவியாகி வெளியேற வேண்டிய அமிலம் பாத்திரத்துக்குள்ளேயே தங்கி, பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். ஆகவே வேக வேண்டியதெல்லாம் முன்கூட்டியே சாற்றில் வெந்து முடிந்திருக்க வேண்டும். கீரை வந்து சேர்வது கடைசிக் கட்டத்தில் மட்டுமே.

சாற்றுக்குக் கோழியையோ முயலையோ வெங்காயம், ஏலக்காய், பிரிஞ்சி இலை, கடுகளவு மஸ்தகிப் பிசின் ஆகியவற்றோடு வேகவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். முயல் சாறுதான் மொலோகியாவுக்கு உகந்தது என்று வாதிடும் குடும்பங்கள் எகிப்தில் உண்டு. அலெக்சாந்திரியாவிலோ இறாலைப் போட்டுச் சமைப்பார்கள். 400 கிராம் பொட்டலத்துக்கு மூன்று கப் சாறு போதும். சாறு நன்றாகக் கொதி வந்ததும் உப்புப் பார்த்து, தீயைக் குறைத்துக் கீரையை இடுங்கள். பொட்டலம் பாதி உருகியிருந்தால் கட்டி பிடிக்காமல் கரையும். இதற்குப் பிறகு அடுப்பை விட்டு நகராதீர்கள். விடாமல் கிளறிக்கொண்டே இருந்து, ஓரங்களில் சிறு குமிழ்கள் எழும்பத் தொடங்கிய கணத்திலேயே இறக்கிவிடுங்கள்.

இனி வருவதுதான் இந்தப் பதார்த்தத்தின் உயிர். ‘தக்லியா’ என்று எழுதிக் கெய்ரோவில் ககரத்தை விழுங்கி உச்சரிக்கும் பூண்டுத் தாளிதம் அது. எட்டுப் பத்துப் பூண்டுப் பற்களைக் கொஞ்சம் உப்போடு உரலில் இடித்து, இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் மெல்லிய தீயில் வதக்குங்கள். பூண்டின் ஓரங்கள் மட்டும் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதைப் பொடியைத் தூவுங்கள். பொடி நெய்யில் பட்டவுடன் நுரைத்து, பூண்டின் நெடி அடங்கி, வறுத்த மல்லியின் மணம் மேலெழும். பூண்டு பொன்னிறம் அடைவதற்குச் சற்று முன்பே அதை எடுத்துக் கீரையில் கொட்டிவிட வேண்டும், ஏனென்றால் சூட்டோடு இருக்கும் நெய் வாணலியிலிருந்து பாத்திரத்துக்குப் போகும் நொடியிலும் அதை வறுத்துக்கொண்டுதான் இருக்கும். கருகினால் கசப்பு முழுப் பாத்திரத்துக்கும் ஏறிவிடும். அப்படி நேர்ந்தால் தயங்காமல் எறிந்துவிட்டு வேறு தாளித்துக்கொள்ளுங்கள்.

தாளிதம் ‘ஸ்ஸ்’ என்று கீரையில் விழும் அந்தக் கணத்தில், சமைப்பவர் மூச்சை ஒரேயடியாக உள்ளே இழுத்து வியப்பொலி எழுப்புவது எகிப்திய வழக்கம். ‘ஷஹ்கா’ என்று அதற்குப் பெயர். அது இல்லாமல் மொலோகியா ருசிக்காது என்பார்கள். உங்கள் பக்கத்து வீட்டு அம்மையாரும் நிச்சயம் மூச்சிழுத்திருப்பார். நீங்களும் கூச்சப்படாமல் இழுங்கள். அந்த ஒரு நொடியில் நம் கவனம் முழுவதும் பாத்திரத்தின் மேல் நிற்கிறது என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: புதிய கீரை கிடைத்தால் அதையே பயன்படுத்தலாமா? மிக்சியில் அரைத்துவிட்டால் வேலை எளிதாகுமே?

பதில்: புதிய கீரை கிடைக்குமானால் அதைவிட நல்லது வேறில்லை, எகிப்தில் கோடைக்காலமே அதற்குப் பருவம். ஆனால் மிக்சியில் அரைக்க வேண்டாம். அரைத்தால் துணுக்குகள் கூழாகிப் பசையோடு நுரையும் சேர்ந்து, சாறு சோப்புத் தண்ணீர் போலத் தோன்றும்.

தண்டையும் முற்றிய காம்பையும் நீக்கி இலையை மட்டும் ஆய்ந்து, கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். இந்த உலர்த்தலைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஈரமான இலை கத்தியில் ஒட்டிச் சுருண்டு சீராக நறுக்க விடாது. எகிப்திய வீடுகளில் இதற்கென்றே ‘மக்ரதா’ என்ற கருவி இருக்கும்: பிறை வடிவ அலகு, இரு முனையிலும் மரப்பிடி. கெய்ரோவில் ஒரு மூதாட்டி நறுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இலைக் குவியலின் மேல் அதை இடமும் வலமுமாகத் தொட்டிலாட்டுவது போல ஆட்டிக்கொண்டே போவார். சற்று நேரத்தில் குவியல் பளபளத்து, அலகைத் தூக்கும்போது நூல் நூலாக இழுபடும். அதுவே பதம். மக்ரதா இல்லாதவர்கள் அகலமான, கனத்த கத்தியால் இதைச் செய்யலாம். கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். 500 கிராம் இலைக்கு ஒரு லிட்டர் சாறு கணக்கு.

நிறத்துக்காகச் சமையல் சோடா சேர்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலை குழைந்து, வாயில் சோப்பின் வாடை தட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் வழவழப்பு யாருக்கும் பிடிக்காது. எலுமிச்சை பிழிந்தால் அது போய்விடுமா?

பதில்: அமிலம் சேர்ந்தால் பசையின் கெட்டித்தன்மை குறையும் என்பது உண்மை. ஆனால் எகிப்திய மொலோகியாவில் வழவழப்பு குறையாகக் கருதப்படுவதில்லை. சோற்றில் ஊற்றினால் வழிந்தோடாமல் பருக்கைகளைப் பூசி நிற்பதற்கும், அய்ஷ் பலதி ரொட்டியைக் கிண்ணம் போல மடித்து அள்ளினால் சிந்தாமல் வருவதற்கும் அதுவே காரணம். முற்றிலும் நீக்கிவிட்டால் எஞ்சுவது வேறு ஏதோ ஒரு கீரைச் சாறு. முதலில் எலுமிச்சையைப் பந்தியில் தனியாக வைத்து, வேண்டுபவர் தங்கள் தட்டில் பிழிந்துகொள்ளச் சொல்லுங்கள். சேமியா கலந்த எகிப்தியச் சோற்றோடு சூடாகப் பரிமாறிப் பாருங்கள். பிடிக்காது என்றவர்களில் பாதிப் பேர் மனம் மாறுவார்கள் என்பது என் நம்பிக்கை. அப்போதும் ஏற்கவில்லையென்றால், லெபனானில் செய்வது போல இலையை நறுக்காமல் முழுதாகச் சமைக்கலாம். வழவழப்பு வெகுவாகக் குறையும்.

கேள்வி: நான் சைவ உணவுக்காரன். எகிப்தியக் காய்கறிக் குழம்புகளில் இறைச்சி இல்லாமல் செய்யக்கூடியவை உண்டா?

பதில்: நிறையவே உண்டு. எகிப்தின் காப்டிக் கிறித்தவர்கள் ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் நோன்பிருப்பவர்கள். நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை, நெய் எதுவும் சேர்க்காமல் எண்ணெயில் சமைக்கும் உணவை ‘சியாமி’ என்கிறார்கள். பாமியா எனப்படும் வெண்டைக்காய்க் குழம்பை அந்த முறையிலேயே செய்யுங்கள். விரல் நுனி அளவுள்ள பிஞ்சுகளைத் தேர்ந்து, காம்பை மட்டும் கூம்பு போலச் சீவ வேண்டும். கத்தி விதையறையைத் திறந்துவிடக் கூடாது. மொலோகியாவில் நாம் தேடிய பசையை இங்கே காய்க்குள்ளேயே பூட்டிவைக்கிறோம். வெங்காயம் வதக்கி, தக்காளிச் சாறும் பூண்டும் மல்லிப் பொடியும் சேர்த்துக் கொதித்த பிறகு காயைப் போட்டு, பாதி எலுமிச்சைப் பழத்தையும் பிழிந்துவிட்டு, கரண்டி போடாமல் பாத்திரத்தை மட்டும் குலுக்கி வேகவிடுங்கள். வசதி இருந்தால் கடைசியில் மண்சட்டிக்கு மாற்றி ஓவனில் 15 நிமிடம் வையுங்கள். மேற்பரப்பில் எண்ணெய் பிரிந்து ஓரம் சற்றுச் சுண்டும்.

நாட்டின் தென்பகுதியான மேல் எகிப்தில் இதற்கு நேர்மாறாக வெண்டைக்காயை வேகவைத்து ‘மிஃப்ராக்’ என்ற மரமத்தால் கடைந்து ‘வெய்கா’ செய்கிறார்கள். ஒரே காயின் பசையை ஓர் ஊர் அடக்குகிறது, இன்னோர் ஊர் வரவேற்கிறது. இரண்டையும் செய்து பார்த்தால் எகிப்திய அடுப்படியின் நுட்பம் விளங்கும்.

கேள்வி: மொலோகியாவை ஒரு மன்னர் தடைசெய்தார் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மை. 996 முதல் 1021 வரை எகிப்தை ஆண்ட, ஷியா பிரிவைச் சேர்ந்த ஃபாத்திமியக் கலீஃபா அல் ஹாக்கிம் அதை விற்கவும் உண்ணவும் தடை விதித்தார். ஷியாக்கள் வெறுத்த, முற்கால உமய்யக் கலீஃபா முஆவியா விரும்பி உண்டது என்பதால் அதைத் தடுத்ததாக வரலாற்றாசிரியர் மக்ரீசி எழுதியிருக்கிறார்.

கேள்வி: மீந்த மொலோகியாவை மறுநாள் சூடாக்கலாமா?

பதில்: ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் தாராளமாகப் பயன்படுத்தலாம். கெட்டியாக இருந்தால் அரைக் கப் வெந்நீரோ சாறோ ஊற்றி, மூடாமல், சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். நன்றாகச் சூடேறி ஆவி பறந்து ஓரத்தில் முதல் குமிழ் தெரிந்ததும் அணைத்துவிடுங்கள். நான்கு பூண்டுப் பற்களைக் கொண்டு சிறிதளவு தக்லியா புதிதாகத் தாளித்துக் கொட்டினால் முதல் நாள் மணம் திரும்பிவிடும். மூச்சை இழுக்க மறவாதீர்கள்.