தெற்கே நடந்தால் வெயில் வருமா?

வீடியோ கேம் பற்றி வந்த இந்த மாதக் கடிதங்களில் கேமுக்குள் குளிரில் நடுங்குகிறவர்கள் அதிகம். ஆகவே துப்பாக்கி, கார் பந்தய கேம்கள் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: காட்டில் பிழைத்து வீடு கட்டிப் பயிர் செய்யும் விண்டேஜ் ஸ்டோரி ஆடுகிறேன். என் வீடு இருக்கும் இடத்தில் குளிர்காலம் வந்தால் ஃபிளாக்ஸ் (ஆளி) பயிர் கருகிவிடுகிறது. "தெற்கே போ, வெப்பமாகும்" என்றான் நண்பன். அக்டோபரில் கிளம்பி நாலாயிரம் பிளாக் (கேம் உலகைக் கட்டியிருக்கும் கனசதுரக் கட்டி) தெற்கே நடந்தேன். கிளம்பும்போது 8 டிகிரி, இப்போது 3 டிகிரி. நண்பன் கதை விட்டானா?

ப: இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் கிளம்பிய மாதம்தான் சரியில்லை. அந்த கேமின் இயல்பு அமைப்பில் ஒரு மாதத்துக்கு 9 நாள், ஒரு வருடத்துக்கு 108 நாள். நீங்கள் தெற்கே நடந்த வேகத்தைவிட வேகமாகக் காலண்டர் குளிர்காலத்துக்குள் போய்விட்டது. அதே தேதியில் உங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் 3 டிகிரிகூட இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

விண்டேஜ் ஸ்டோரியில் உலகை உருவாக்கும்போது தட்பவெப்பத்தை 'ரியலிஸ்டிக்' என்று விட்டிருந்தால், வெப்பநிலை அட்சரேகையைப் பொறுத்து மாறும். வடக்கே துருவம், தெற்கே பூமத்திய ரேகை. இரண்டுக்கும் இடையே எத்தனை பிளாக் என்பது உலகை உருவாக்கும் பக்கத்திலேயே ஓர் அமைப்பு. அங்கே 50,000 என்று இருந்தால், ஐயாயிரம் பிளாக் நடந்தாலே சில டிகிரி வித்தியாசம் தெரியும். ஒரு லட்சம் என்று இருந்தால், அதே வித்தியாசத்துக்கு இரண்டு மடங்கு நடக்க வேண்டும். பலர் இந்த எண்ணைப் பார்க்காமலே மூட்டை கட்டுகிறார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம், உயரம். கடல்மட்டத்திலிருந்து மேலே ஏற ஏறக் குளிரும். 256 பிளாக் உயரமுள்ள உலகில் கடல்மட்டம் 110 வாக்கில். கன்ட்ரோல்-வி அழுத்தினால் இருப்பிட எண்கள் திரையில் தெரியும். நடு எண்தான் உயரம். தெற்கே இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு 170-ல் ஒரு பீடபூமியின் மேல் நின்று நடுங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது எண் கூடிக்கொண்டே போனால் தெற்கே போகிறீர்கள் என்று அர்த்தம். சூரியனைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கிற வீரம் எல்லாம் மழை வரும்வரைதான்.

சி விசையை அழுத்தினால் உங்கள் ஆளின் பக்கத்தில் தேதி, வெப்பநிலை, மழையளவு மூன்றும் வரும். அந்த வெப்பநிலை அந்த நிமிடத்துக்கானது. பகலா இரவா என்பதும் அதில் கலந்திருக்கிறது. வறண்ட பகுதியில் பகலுக்கும் இரவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும்; மழை அதிகமுள்ள இடத்தில் கொஞ்சம்தான். நண்பகலில் ஒரு இடத்தையும் விடியற்காலையில் இன்னொரு இடத்தையும் ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. ஒப்பிடுவதானால் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே உயரத்தில்.

இவ்வளவு கணக்கும் வேண்டாம் என்றால் மரத்தைப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். தெர்மாமீட்டர் இன்றைய நிலையைச் சொல்லும், மரம் வருடம் முழுவதற்கும் சொல்லும். ஒரு இடத்தின் சராசரி வெப்பத்தையும் மழையையும் வைத்துத்தான் உலகம் உருவாகும்போது அங்கே மரம் முளைக்கிறது. லார்ச்சும் பைனும் சூழ்ந்து நின்றால் இன்னும் நடக்க வேண்டியது நிறைய. ஓக், மேப்பிள் கலந்து வந்தால் நடுத்தரம். புல் காய்ந்த மஞ்சளாகி, குடை விரித்தாற்போல அகேசியா தெரிந்தால் வெப்பமும் வறட்சியும். ஈரமும் சேர்ந்த வெப்பம் என்றால் கபோக் மரம்: பருத்த அடிமரம், கீழே நுழைய வழியில்லாத புதர். மிருகங்களும் சொல்லும். ஓநாய் போய்க் கழுதைப்புலி வந்தால் நல்ல செய்தி. கழுதைப்புலி துரத்தும்போது அது நல்ல செய்தியாகத் தோன்றாது, அது வேறு.

கே: எவ்வளவு தூரம் போனால் போதும்? பூமத்திய ரேகை வரை போகத்தான் வேண்டுமா?

ப: வேண்டாம். பூமத்திய ரேகைப் பக்கம் பருவங்கள் ஏறக்குறைய மறைந்துவிடும்; குளிர்காலமே கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெப்பத்தில் உணவு சீக்கிரம் கெடும். நிலவறையை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் வடக்கே கிடைக்கிற குளிர்ச்சி கிடைக்காது. வெப்பம் தாங்காத பயிர்களுக்கு அங்கே வேறு தொல்லை. ஒவ்வொரு பயிருக்கும் தாங்கும் குளிர் இவ்வளவு, தாங்கும் வெப்பம் இவ்வளவு என்று எச் விசையில் திறக்கும் கையேட்டில் போட்டிருக்கிறது. உங்களுக்கு எந்தப் பயிர் முக்கியமோ அதைப் பார்த்து, குளிர்காலத்திலும் அதன் எல்லைக்குக் கீழே இறங்காத முதல் இடத்தில் நின்றுவிடுங்கள். பூமத்திய ரேகையையும் தாண்டிப் போனால் மறுபடி குளிர ஆரம்பிக்கும், பருவமும் தலைகீழாகும். தென்பாதியில் ஜூலைதான் குளிர்காலம்.

கே: வழியில் செத்தால் பழைய இடத்துக்கே போய்விடுகிறேன். மூன்றாவது முறையும் அதே கதை. ஏதாவது வழி?

ப: விண்டேஜ் ஸ்டோரி என்றால், டெம்போரல் கியர் என்ற பற்சக்கரம் ஒன்றைச் சேமித்து வையுங்கள். அதைப் பயன்படுத்தி மறுபிறப்பு இடத்தை மாற்றிக்கொள்ளலாம். கிளம்பும் முன் அல்ல, பாதி வழி போன பிறகு, பாதுகாப்பான ஒரு இடத்தில்.

சாப்பாட்டுக்குச் சமைத்த உணவை மண் ஜாடியில் வைத்துக் கொழுப்பாலோ தேன்மெழுகாலோ வாயை அடைத்துவிட்டால் நீண்ட நாள் கெடாது. விதைகளை மறக்காதீர்கள். நனையாமல் போங்கள், நனைந்த உடம்பு குளிரில் சீக்கிரம் விறைக்கும். ஆறு குறுக்கே வந்தால் நீந்துவதற்குப் பதில் சுற்றிப் போவது மேல். கடல் இருந்தால் இன்னும் நல்லது: 1.20 பதிப்பில் பாய்மரப் படகு வந்துவிட்டது. பொருளையும் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே தெற்கே போகலாம், கரையில் நிற்கும் மரங்களையும் பார்த்துக்கொண்டே. படகு எப்போதும் கடல்மட்டத்தில்தான் இருக்கிறது. உயரக் கணக்குத் தொல்லையும் விட்டது.

நிலத்தடி இடிபாடுகளில் டிரான்ஸ்லொகேட்டர் என்ற இடம் மாற்றும் இயந்திரம் உடைந்து கிடந்தால் சரிசெய்து பாருங்கள். அது உங்களைப் பல ஆயிரம் பிளாக் தள்ளிக் கொண்டுபோய் விடும். எந்தத் திசையில் என்பது உங்கள் அதிர்ஷ்டம். வடக்கே தள்ளினால் திரும்பி வந்துவிடலாம், அது இருவழிப் பாதை.

கே: மைன்கிராஃப்டிலும் தெற்கே போனால் வெப்பமா? பனிக்காட்டில் தொடங்கி அலுத்துவிட்டது.

ப: இல்லவே இல்லை. மைன்கிராஃப்டில் அட்சரேகை கிடையாது. எந்தத் திசையிலும் பாலைவனம் வரலாம், எந்தத் திசையிலும் பனி வரலாம். ஆனால் 2021-ல் வந்த 1.18 பதிப்பிலிருந்து வெப்பம் மெதுவாக மாறும்படி உலகம் அமைகிறது. கடும்பனி, குளிர், மிதம், சூடு, கொதிக்கும் சூடு என்று படிப்படியாகத்தான் போகும். பனிக்கு அடுத்த வீடாகப் பாலைவனம் வருவது அபூர்வம். ஆகவே ஒரே திசையில் நேராகப் போங்கள். பனி போய் வெறும் ஸ்ப்ரூஸ் காடு, பிறகு ஓக்கும் பிர்ச்சும் வந்தால் தொடருங்கள். மறுபடி ஸ்ப்ரூஸ் வந்தால் திசையை மாற்றுங்கள்.

இதற்கும் கடல்தான் எனக்குப் பிடித்த வழி. படகை நிறுத்தித் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். குளிர்ந்த கடல் கருநீலமாக, கொஞ்சம் ஊதா கலந்து இருக்கும். போகப் போக நீலம் வெளுத்து, பச்சை கலந்து, தரை மணல் மேலிருந்தே தெரிய ஆரம்பிக்கும். அடியில் பவளம் கண்ணில் பட்டால் வெப்பக் கடலுக்கு வந்துவிட்டீர்கள். அதன் கரையில் இறங்கினால் அநேகமாகப் பாலைவனமோ வேறு வெப்ப நிலமோதான். ஏமாற்று வேலைக்குத் தயார் என்றால் ஜாவா பதிப்பில், வேண்டிய நில வகை எங்கே என்று காட்டும் 'லொகேட் பயோம்' கட்டளை இருக்கிறது. நான் குறை சொல்ல மாட்டேன். வேலை முடிந்து இரவு ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு வாழ்க்கை குறுகியது.

கே: வால்ஹைம் என்ற கேமில் தெற்கே போனால் வெப்பமா?

ப: அங்கே மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. விதிவிலக்கு இரண்டு: வடகோடியில் டீப் நார்த், தென்கோடியில் ஆஷ்லேண்ட்ஸ். வெப்பம் தேடி ஆஷ்லேண்ட்ஸ் போகிறவர் கேட்டதைவிட அதிகமாகவே பெறுவார். அங்கே கடலே கொதிக்கிறது, சாதாரணக் கப்பல் தாங்காது. மலையில் குளிர்கிறது என்றால் மலையைவிட்டு இறங்குங்கள், அல்லது குளிர் தாங்க வைக்கும் மீட் (தேன் மது) குடியுங்கள்.

கே: பொதுவாக ஒரு சந்தேகம். குளிருக்குப் பயந்து வீட்டையே மாற்றுவது சரியா? இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டேன்.

ப: இரண்டு குளிர்காலம் தாண்டியவருக்கு மூன்றாவது பெரிய விஷயமில்லை. விண்டேஜ் ஸ்டோரியைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கண்ணாடிக் கூரை போட்ட மூடிய பசுமைக்குடில் பயிருக்கு 5 டிகிரி கூட்டித் தரும். சில வாரம் முன்னதாக விதைக்கவும் சில வாரம் பின்னதாக அறுக்கவும் அது போதும். ஐயாயிரம் பிளாக் நடந்து கிடைக்கிற பலனில் ஒரு பங்கு வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும்போது, உலைக்களம், சுரங்கம், நிறைந்த பெட்டிகள் எல்லாவற்றையும் விட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. தெற்கே சின்னதாக ஒரு குடிசை போட்டு, அங்கே மட்டும் விளைகிறதை எடுத்து வாருங்கள். ஏப்ரலில் கிளம்புங்கள், இலையுதிர் காலத்துக்கு முன் திரும்பலாம்.

கே: விண்டேஜ் ஸ்டோரியில், நண்பர்களின் சர்வரில் தெற்கே பன்னிரண்டாயிரம் பிளாக் போயும் பனி, காடு, பனி என்று மாறி மாறி வருகிறது.

ப: சர்வரை நடத்துகிறவரிடம் தட்பவெப்ப அமைப்பு 'பேட்ச்சி'யா என்று கேளுங்கள். ஆம் என்றால் உங்கள் உலகில் தெற்குக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை, திட்டுத் திட்டாகத்தான் வரும். இவ்வளவு தூரம் நடந்துவிட்டீர்கள், கிழக்கே கொஞ்சம் பாருங்கள்.