ஆரஞ்சு நிறப் புலி மானின் கண்ணுக்குத் தெரியாதா?

சத்தியமங்கலம் காட்டு வழியே செல்லும் திம்பம் மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது பலருக்கும் வரும் சந்தேகம்தான் இது. அவ்வளவு பளிச்சென்ற நிறத்தை வைத்துக்கொண்டு புலி எப்படி ஒளிந்து வேட்டையாடுகிறது?

இதற்கு உருமறைப்பு என்று பெயர். சுற்றுப்புறத்தோடு கலந்து, பார்ப்பவர் கண்ணை ஏமாற்றுவது. நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டுதான். சிவப்பையும் பச்சையையும் அதனால் சரியாகப் பிரிக்க முடியாது. பழைய கறுப்பு வெள்ளை டிவியில் அரக்குச் சேலையும் பச்சைச் சேலையும் ஒன்றுபோலத் தெரியுமே, கிட்டத்தட்ட அப்படித்தான். நமக்கு ஆரஞ்சாகத் தெரியும் புலி, மானுக்குப் புதரோடு புதர்.

அப்புறம் அந்தக் கறுப்பு வரிகள். சத்தியமங்கலம் காட்டில் மாசி, பங்குனியில் புல் காய்ந்து நிற்கும். அதன் நிழலும் வரிகளும் கலந்துவிட்டால் உடம்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடாது. பச்சைப் புலியாகவே பிறந்திருக்கலாமே என்றால், பாலூட்டிகளின் ரோமத்துக்குப் பச்சை நிறமி கிடையாது.

இவ்வளவு இருந்தும் புலியின் பெரும்பாலான பாய்ச்சல்கள் வீண்தான். காற்று திரும்பிப் புலியின் வாடை மானை எட்டினாலோ, மரத்திலிருந்து மந்தி குரல் கொடுத்தாலோ மான் ஓடிவிடும்.

மானுக்கு நிறமே தெரியாது என்று சிலர் சொல்வது தவறு. நீலம் அதற்கு நன்றாகவே தெரியும்.