மார்மன் சபையின் இளம் மிஷனரியாக வெளிநாட்டில் இரண்டு வருடம் இருப்பது எப்படி இருக்கும்?

தம்பிக்கு 18 வயது முடிந்துவிட்டது, மிஷனுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான், அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, அங்கே போய் நாள் முழுக்க என்னதான் செய்வான் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஏற்காட்டுக்காரன். 2022 ஆகஸ்டிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை இங்கிலாந்தில், மான்செஸ்டர் மிஷனில் இருந்தேன். நான் கிளம்பிய மாதம் எங்கள் வீட்டிலும் அம்மா சாப்பிடவில்லை. அப்பா சாப்பிட்டார், பேசவில்லை. அதனால் உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒன்று. சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்பது வெளியார் வைத்த பெயர். முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018-ல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. நான் போன சமயத்தில் ஆண்கள் 18 வயதிலிருந்து போகலாம், 24 மாதம். பெண்கள் 19 வயதிலிருந்து, 18 மாதம். சம்பளம் கிடையாது. செலவை நாமும் குடும்பமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், முடியாதவர்களுக்குச் சபையின் நிதியிலிருந்து உதவி உண்டு. எந்த நாடு என்று நாம் கேட்கவும் முடியாது. அழைப்புக் கடிதம் என்ன சொல்கிறதோ அந்த ஊர்தான்.

எங்கள் அப்பா எஸ்டேட்டில் மேஸ்திரி. அம்மா அதே எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போவார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் கொண்டுவந்து நட்ட காபியில்தான் எங்கள் மூன்று தலைமுறைச் சோறு. குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். கோயம்புத்தூரில் டிப்ளமா படிக்கும்போது அறையில் கூட இருந்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கூட்டிப்போனான். ஏழு மாதம் போய்வந்து, படித்து, ஜெபித்து, நானாக முடிவெடுத்து ஞானஸ்நானம் எடுத்தேன். யாரும் பணம் கொடுக்கவில்லை, யாரும் மயக்கவில்லை. இதை ஊரில் அத்தனை பேரிடமும் சொல்லிக் களைத்துவிட்டேன், இங்கேயும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபையில் காபி, டீ, மது, புகையிலை கிடையாது. ஞான வார்த்தை என்று சொல்வோம், 1833-ல் அறிவுரையாக வந்து பிற்பாடு கட்டளையானது. களத்தில் காபி காயும் வாசத்தில் பிறந்து வளர்ந்த பையன் காபி வேண்டாம் என்று டம்ளரைத் தள்ளி வைத்தால் வீட்டில் எப்படி இருக்கும்? அம்மா கேட்டார்: "நம்ம சோத்துல மண்ணப் போடுற சாமியா அது?" விளைவிப்பதில் தப்பில்லை, குடிப்பதில்லை என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அன்றைக்கு அது அவருக்குச் சமாதானமாக இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு வருடமாவது சபையில் இருந்த பிறகுதான் மிஷனுக்குப் போக முடியும். அந்த வருடம் சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தேன். அழைப்பு வந்ததும் கடையிலேயே, வாடிக்கையாளர் போன பிறகு, போனில் தனியாகத் திறந்து படித்தேன். அப்பாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு "இங்கிலாந்து வந்திருக்குப்பா" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கிளம்பும்வரை அவர் என்னிடம் பேசியதெல்லாம் பஸ் நேரம் மட்டும்தான்.

பயிற்சியின் முதல் வாரம் வீட்டிலிருந்தே ஆன்லைனில் நடக்கும். எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் உட்கார்ந்தேன். சித்தி பழக்கத்தில் மணிக்கொருமுறை டீ கொண்டுவந்து, வாசலிலேயே ஞாபகம் வந்து, திருப்பி எடுத்துப் போவார். மீதிப் பயிற்சி இங்கிலாந்தில் சோர்லி என்ற ஊரில், பிரஸ்டன் ஆலயத்தை ஒட்டிய பயிற்சி மையத்தில்.

அங்கேதான் நெஞ்சில் குத்தும் கறுப்புப் பட்டை கையில் கிடைத்தது. எல்டர் என்று போட்டுக் குடும்பப் பெயர், அதற்குக் கீழே சபையின் பெயர். எல்டர் என்பது ஆண் மிஷனரிகளைக் கூப்பிடும் பட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர்தான் இருந்தது. மிஷனரிகள் ஒருவரையொருவர் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆக, இரண்டு வருடம் என்னை எல்லோரும் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதல் வீடியோ காலில் பின்னாலிருந்து என் கம்பானியன், அதாவது எனக்கு ஜோடியாகப் போட்ட மிஷனரி, என்னை அப்படிக் கூப்பிட, கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லாத அம்மா, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா அந்தப் பக்கம் மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது ஒரு நாள். காலை 6:30-க்கு எழுந்திருக்க வேண்டும். ஜெபம், கொஞ்சம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. பிறகு தனியாகப் படிப்பு, அதற்குப் பின் கம்பானியனோடு சேர்ந்து படிப்பு. அன்றைக்கு யாரைப் பார்க்கிறோம், அவருக்கு என்ன தேவை என்று பெயர் பெயராக எடுத்துப் பேசுவோம். பத்து மணி வாக்கில் வெளியே. இரவு ஒன்பது ஒன்பதரைக்கு வீடு, 10:30-க்கு விளக்கு அணைக்க வேண்டும். டிவி, சினிமா இல்லை. காதல், டேட்டிங் பேச்சுக்கே இடமில்லை. திங்கள்கிழமை துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டோடு பேச; அதுவும் மாலை வரைக்கும்தான், அதற்குப் பின் மறுபடி வேலை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மலைக்குளிருக்குப் பழகிய எனக்கும் அந்த ஈரக்காற்று எலும்பில் இறங்கியது.

மேலே சொன்ன எதுவும் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் கம்பானியன். மிஷனரி ஒருபோதும் தனியாக இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற, குரல் கேட்கிற தூரத்தில் இன்னொருவர் எப்போதும் இருக்க வேண்டும். அவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் வரும், வராமலும் போகும். என் முதல் கம்பானியன் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துப் பையன், உருளைக்கிழங்கு விவசாயி மகன். எனக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். வாரம் ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் மனத்தில் இருப்பதைத் திறந்து சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவோம். அப்பாவிடம் நான் கற்றதும் அதுதான். அங்கே அது செல்லவில்லை.

பிரஸ்டனில் ஒரு பெரியவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாடங்கள் கொஞ்சம்தான்: பின்னாளில் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1820-ல் சிறுவனாகத் தோப்பில் போய் ஜெபித்ததும் சபை மறுஸ்தாபிதமானதும் ஒன்று. எங்கிருந்து வந்தோம், செத்தால் எங்கே போகிறோம் என்ற இரட்சிப்பின் திட்டம் ஒன்று. விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம் ஒன்று. பிறகு கட்டளைகள். அன்றைக்கு இரண்டாவது பாடம். குடும்பங்கள் சாவோடு முடிவதில்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அவள் என்னைக் கட்டிக்கொண்டபோது எனக்குத் தலை நிறைய முடி. இப்போது என்னை அடையாளம் கண்டுகொள்வாளா?"

எனக்கு உடனே பதில் தெரிந்துவிட்டது. எங்கள் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புத்தகத்தில் ஆல்மா 40-ஆம் அதிகாரம், 23-ஆம் வசனம்: உயிர்த்தெழும்போது தலையின் ஒரு மயிர்கூட இழந்துபோகாது. புத்தகத்தை விரித்து அவர் கையில் வைத்து, விரலால் வரியைக் காட்டினேன். அவர் படித்தார், தலையாட்டினார், நன்றி சொன்னார். அடுத்த விஷயத்துக்குப் போனேன். பாடம் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

அந்த வாரம் கம்பானியன் சொன்னார்: "அவர் முடியைப் பற்றிக் கேட்கவில்லை. அழ வந்தார். நீ இடம் கொடுக்கவில்லை." எனக்குச் சுருக்கென்றது. இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த முறை போனபோது நான் அவர் மனைவியைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன். பெரியவர் எழுந்துபோய் இரண்டு காபிக் கோப்பைகளைக் கழுவினார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன. முதுகைக் காட்டிக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினார். வசனம் எதுவும் எடுக்கவில்லை. உங்கள் தம்பி அங்கே போய்க் கற்றுக்கொடுக்கப் போவது எவ்வளவோ, ஆனால் கற்கப் போவது முதலில் இதைத்தான். அந்தப் பெரியவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நான் ஊர் மாறும்வரை வியாழன்தோறும் அவர் தோட்டத்தில் புல் வெட்டிக் கொடுத்தோம்.

ஞானஸ்நானம் என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே சபையின் முதல் மிஷனரிகள் ஊழியத்தைத் தொடங்கியது இந்த பிரஸ்டனில்தான், 1837-ல். அந்த வருடம் ஜூலை 30 அன்று ரிப்பிள் ஆற்றில் ஒன்பது பேர் மூழ்கி எழுந்தார்கள். முதல் ஆளாக இறங்குவது யார் என்று ஆற்றங்கரையில் ஓட்டப்பந்தயமே நடந்தது. ஜார்ஜ் வாட் என்பவர் ஜெயித்தார். அதே கரையில் நாங்கள் நடக்கும்போது ஓட யாருமில்லை. கதவைத் தட்டினால் பத்தில் ஒன்பது பேர் மரியாதையாக வேண்டாம் என்பார்கள், சிலர் மரியாதையில்லாமல். என் காலத்தில் பாதிப் பேரை ஆன்லைன் வழியாகத்தான் சந்தித்தோம். இரண்டு வருடத்தில் நான் பாடம் சொல்லி ஞானஸ்நானம் எடுத்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரின் முகமும் இப்போது கண்முன் நிற்கிறது.

சேலத்திலிருந்து வருகிறேன் என்றால் சபையில் வயதானவர்கள் முகம் மலரும். ஆதியாகமத்தில் சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு வருகிறார் அல்லவா, எங்கள் சபையில் எல்டர்கள் பெறுவதும் மெல்கிசேதேக்கின் ஆசாரியத்துவம்தான். நம் சேலம் மலை சூழ்ந்த ஊர், சைலம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் என்று விளக்குவேன். கேட்டுவிட்டு, மறுவாரம் மறுபடி மெல்கிசேதேக்கு ஊர்க்காரர் என்றே அறிமுகப்படுத்துவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

பிரஸ்டனில் குஜராத்திகள் நிறைய. ஒரு பாட்டி வீட்டுக்கு வேலியைச் சரிசெய்யப் போனோம். டீ வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. வீட்டுக்கு வந்தவனை நாக்கு நனைக்காமல் அனுப்புவது என்னவென்று எனக்குத் தெரியாதா? அம்மா முன்னால் டம்ளரைத் தள்ளி வைத்தவன்தானே. அந்த முறை வேண்டாம் என்பதோடு நிறுத்தவில்லை. எங்கள் வீடு காபி எஸ்டேட்டில் இருக்கிறது, குடிப்பதில்லை என்று கடவுளிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் உங்கள் கையால் எதையாவது குடித்துவிட்டுத்தான் போவேன் என்றேன். சீரகம் போட்ட வெந்நீர் வந்தது. இதை அடுத்த திங்கள்கிழமை அம்மாவிடம் சொன்னேன்.

திங்கள்கிழமை வீடியோ கால் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அம்மாவுக்கு அதுதான் முக்கியம். முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டோடு பேசலாம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். அங்கே பகல் பன்னிரண்டு, இங்கே மாலை ஐந்தரை. அவர்கள் கோடையில் நாலரை. பறிப்பு முடிந்து கூடையை எடை போட்டுவிட்டு, அம்மா ரோட்டு வளைவில் ஒரு சில்வர் ஓக் மரத்தடிக்கு ஏறி வருவார். சிக்னல் அங்கேதான். சீரகத் தண்ணீர் கதையைக் கேட்டுவிட்டு அம்மா கேட்டார், "அந்தப் பாட்டிக்குப் புள்ளைங்க இல்லியா கண்ணு?" அடுத்த முறை நான் ஊர் வந்தால் சுக்குத்தண்ணி வைத்துத் தருவதாகவும் சொன்னார். அதுவரை என் காபியைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

திரும்பி வந்த அன்று பெங்களூரில் இறங்கி, சேலம் வந்து, ஏற்காடு பஸ் ஏறினேன். சபையில் முறைப்படி விடுவிக்கும்வரை பட்டையைக் கழற்றக் கூடாது என்பதால் அது சட்டையிலேயே இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினால், அப்பா பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். முகத்தைப் பார்க்கும் முன்னால் பட்டையைப் பார்த்தார். கட்டை விரலால் எழுத்தைத் தடவினார். "பேரைத் தப்பில்லாம போட்டிருக்கான்" என்றார். பெட்டியை அவர்தான் தூக்கினார். இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூர் போய் விடுவிக்கப்பட்டு வந்தேன். பட்டை இப்போது அப்பாவுடைய செக்ரோல் நோட்டுக்குள், எஸ்டேட் ஆட்களின் வருகைப் பதிவுக்குள், இருக்கிறது. அவர் இன்னும் எங்கள் சபைக்கு ஒருநாளும் வந்ததில்லை, மாதா கோயிலுக்குத்தான் போகிறார். நானும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதில்லை.

தம்பிக்குச் சொல்லுங்கள்: நல்ல தோல் ஷூ இரண்டு ஜோடி, ஒன்று போதாது. சோறு, ரசம், ஒரு பொரியல் வைக்கத் தெரிந்துகொண்டு போகட்டும். புளிக்காய்ச்சல் பொடியை மூன்று உறை போட்டுக் கட்டட்டும். அம்மா எங்கே நின்றால் சிக்னல் கிடைக்கும் என்று இப்போதே பார்த்து வைக்கட்டும். அழைப்புக் கடிதம் வந்தால் என்னைப் போல் தனியாகத் திறக்க வேண்டாம். அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாக, தமிழில் படித்துக் காட்டட்டும்.