முதல் சலானைக் கட்டியாகிவிட்டது, இப்போது லைசென்ஸே போய்விடுமா?

கேள்வி: வக்கீல் சார், கோவையில் கால் டாக்சி ஓட்டுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு போன் பேசிக்கொண்டே ஓட்டியதாக 1,000 ரூபாய் சலான் போட்டார்கள். அன்று பேசியது உண்மை, கட்டிவிட்டேன். போன மாதம் அவிநாசி ரோட்டில் சிவப்பு சிக்னலில் நின்றிருந்தேன். ஹோல்டரில் மாட்டியிருந்த போனில் டிரிப் வந்ததால் திரையைத் தொட்டு ஏற்றுக்கொண்டேன். எஸ்.ஐ. போட்டோ எடுத்து, இரண்டாவது தடவை என்று 10,000 ரூபாய் சலான் போட்டார். லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார். இப்போது ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. "கட்டித் தலைமுழுகு" என்கிறார்கள் ஸ்டாண்டில். கேரளாவில் இது குற்றமே இல்லை என்று தீர்ப்பு இருக்கிறதாமே? அந்த ரசீதை வைத்து வண்டி ஓட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். ஓட்டக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 206(4)-ன்படி லைசென்ஸைக் கைப்பற்றினால் போலீஸ் தரும் தற்காலிக ரசீது, லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை வண்டி ஓட்ட அனுமதி தராது என்று சட்டமே சொல்கிறது. மற்ற சில சந்தர்ப்பங்களில் லைசென்ஸை வாங்கிக்கொண்டு தரும் ரசீது அப்படியல்ல, அதைக் காட்டி ஓட்டலாம். ஸ்டாண்டில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் ரசீதில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 206(4) என்றிருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள்.

இனி பத்தாயிரத்துக்கு வருவோம். 1.9.2019 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, ஓட்டும்போது கையடக்கத் தொலைத்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது பிரிவு 184-ன் கீழ் 'அபாயகரமாக ஓட்டுதல்'. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் எதிர்த்திசையில் வருவதும் இதே பிரிவில்தான் வருகின்றன. முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடியும் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். கோர்ட்டுக்குப் போகாமல் கட்டி முடித்துக்கொள்ள தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் நிர்ணயித்த இணக்கக் கட்டணம்தான் உங்களுக்குப் போட்ட 1,000, 10,000 என்ற கணக்கு.

பணத்தைக் கட்டினால் வழக்கு முடிந்தது என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். பிரிவு 200-ஐ முழுதாகப் படித்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். இணக்கக் கட்டணம் கட்டியிருந்தாலும், அடுத்த தடவை பிடிபடும்போது அது முந்தைய குற்றமாகவே கணக்கில் சேரும் என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் ஆயிரம் ரூபாய் இப்போது பத்தாயிரமாக வந்து நிற்பது இதனால்தான். கட்டணம் கட்டியதாலேயே 206(4)-ன் கீழான லைசென்ஸ் நடவடிக்கையும் நின்றுவிடாது. ஆக, பத்தாயிரத்தைக் கட்டினால் கோர்ட் அலைச்சல் மிச்சம், ஆர்.டி.ஓ. நோட்டீஸ் அப்படியேதான் இருக்கும். கூடவே, இரண்டாவது குற்றத்தையும் ஒப்புக்கொண்டதாக உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிரிவு 19(1A) அப்படி. போலீஸ் அனுப்பிவைத்த லைசென்ஸ் மீது ஆர்.டி.ஓ. எடுக்கும் நடவடிக்கையில், முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதியிழப்பு. இரண்டாவது குற்றத்துக்கு லைசென்ஸே ரத்து. ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அதுதான் பெரிய அடி, பத்தாயிரம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஆனால் அதே பிரிவில் உங்களுக்குச் சாதகமாக இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. உங்களை நேரில் கேட்காமல் உத்தரவு போட முடியாது, போடுகிற உத்தரவுக்கு விரிவான காரணம் எழுதியாக வேண்டும். விளக்கத்தில் திருப்தி என்றால் நடவடிக்கையைக் கைவிடவும் ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு.

விளக்கத்தில் என்ன எழுதுவது? "சிக்னலில் நின்றுதானே இருந்தேன்" என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இன்ஜின் ஓடுகிறது, ஸ்டீயரிங் உங்கள் கையில், முன்னும் பின்னும் வண்டிகள். அதை ஓட்டுவதாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்பது என் கணிப்பு. உங்கள் பலம் ஹோல்டர்தான். பிரிவு 184 தண்டிப்பது கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியை. போன் டாஷ்போர்டில் மாட்டியிருந்தது, கை அதைப் பிடிக்கவில்லை என்பது எஸ்.ஐ. எடுத்த அதே போட்டோவில் தெரிகிறதா? சலானில் அந்தப் படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள், தெளிவான பிரின்ட் எடுத்து வையுங்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1.10.2020 முதல் அமலில் உள்ள விதித் திருத்தம், வழி பார்ப்பதற்காக மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாதபடி, கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. டிரிப் ஏற்பது வழி பார்ப்பதில் அடங்காது என்று அவர்கள் வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் 'ஹோல்டரில் இருந்த போனை ஒரு தடவை தொட்டது, லைசென்ஸை ரத்து செய்யும் அளவுக்கு அபாயகரமான ஓட்டமா' என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. போனைக் கையில் பிடித்து வாட்ஸ்அப் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், கட்டிவிட்டுப் போங்கள் என்றிருப்பேன்.

எனவே நீங்கள் பத்தாயிரத்தை இப்போது கட்டாமல், வழக்கை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சந்திப்பதே நல்லது என்பது என் கருத்து. தோற்றால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். சிறை என்பதும் அந்தப் பிரிவில் இருக்கிறது. அதனால் வக்கீல் வைக்காமல் போகாதீர்கள். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் ஓட்டம் போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளத் தீர்ப்பை மறந்துவிடுங்கள். 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, போன் பேசியபடி ஓட்டுவது மட்டுமே அம்மாநிலப் போலீஸ் சட்டத்தின் 118(e) பிரிவின்கீழ் குற்றமாகாது என்பதைத்தான். அடுத்த வருடமே மத்தியச் சட்டம் மாறிவிட்டது. ஆர்.டி.ஓ. முன்னால் அதை எடுத்து நீட்டினால் உங்கள் நல்ல வாதமும் சேர்ந்து அடிபடும்.

நோட்டீஸில் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் எழுத்துமூலம் பதில் கொடுங்கள். போட்டோ பிரின்ட், ஹோல்டர் பொருத்தியிருக்கும் டாஷ்போர்டின் படம், அந்த நேரத்தில் எந்த அழைப்பும் இல்லை என்று காட்டும் அழைப்பு விவரம், டிரிப் ஏற்ற நேரம் தெரியும் ஆப் பதிவு எல்லாவற்றையும் இணையுங்கள். சலானில் உள்ள நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் நீங்களே சரிபாருங்கள். முதல் சலானைப் பற்றி மழுப்ப வேண்டாம், அது அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. நேரில் விசாரிக்கும்படி அதே பதிலில் கேட்டு, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால், அது உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்த முத்திரை போட்ட நகலைத்தான்.