'25 கிலோ தூக்கும்' என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் இருக்கிறேன். ஸ்கூபா பயிற்சி முடித்துவிட்டு, லீவு கிடைக்கும்போது தூத்துக்குடி பக்கம் டைவ் போகிறேன். சொந்தமாக ஒரு மார்க்கர் மிதவை (நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட நீருக்கடியிலிருந்து காற்றடைத்து மேலே விடும் பை) வாங்க வேண்டும். ஆன்லைனில் ஒரு மீட்டர் நீளப் பை ஒன்று, '25 கிலோ தூக்கும், மார்க்கராகவும் பயன்படும்' என்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த 25 கிலோவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பையைத் தட்டையாக விரித்த அகலம் விவரத்தில் இருக்கும். அகலம் பெருக்கல் அகலம் பெருக்கல் நீளம், எல்லாம் சென்டிமீட்டரில், வருவதை 3.14-ஆலும் பிறகு 1000-ஆலும் வகுத்தால் லிட்டர். 15 செ.மீ. அகலம், 100 செ.மீ. நீளம் என்றால் ஏழு லிட்டர் சொச்சம்தான். ஒரு லிட்டர் காற்று கடல்நீரில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தூக்கும். கிணற்று நீரில் சரியாக ஒரு கிலோ. ஏழு லிட்டர் பை 25 கிலோவை எங்கே தூக்கும்?

நிஜமான லிஃப்ட் பேக், அதாவது அடியில் கிடக்கும் கனத்தை மேலே தூக்கும் பை, குட்டையாக, அகலமாக, அடிவாய் திறந்தபடி இருக்கும். நங்கூரம் எடுக்க அது சரி. மேலே வந்து கயிறு தளர்ந்தால் சாய்ந்து, காற்றைக் கொட்டிவிட்டு மறுபடி மூழ்கும். படகுக்காரர் கண்ணில் படவும் படாது. உங்களுக்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கும் ஒல்லியான மிதவை. அலையுள்ள கடலில் ஒன்றரை மீட்டர் நீளமாவது இருக்கட்டும். நிறம் ஆரஞ்சு, அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் வால்வு. அடிவாயில் டக்பில் எனும் ஒருவழி வால்வு இருக்க வேண்டும்: காற்று உள்ளே போகும், திரும்பி வராது. கூடவே மிகைக்காற்றை வெளியே விடும் வால்வும் கட்டாயம். 10 மீட்டர் ஆழத்தில் பாதி நிரப்பிய பை, மேலே வரும்போது நீரழுத்தம் குறைந்து காற்று விரிவதால் முழுசாகிவிடும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கே போதும். அது தெரியாமல் கீழேயே முட்ட நிரப்பினால், இந்த வால்வு இல்லாத மூடிய பையில் தையல் பிரியும்.

மிதவையின் கயிற்றைச் சுற்றி வைக்கும் உருளைதான் ஸ்பூல். அதில் கயிறு டைவ் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும், நீரோட்டத்தில் கயிறு சாய்ந்துதான் போகும். மிதவையை விடும்போது ஸ்பூலை உடம்பில் மாட்டியிருக்கவே கூடாது. கயிறு சிக்கினால் கையை விட்டுவிடுங்கள். ஸ்பூல் போனால் வேறு வாங்கலாம். பிடித்துத் தொங்கினால் மிதவையோடு நீங்களும் மேலே போவீர்கள்.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். இறக்குமதிச் சரக்கென்றால் அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்கிறதா பாருங்கள், ஜி.எஸ்.டி. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பையை ஊதி, பஞ்சர் கடையில் டியூபை முக்குவதுபோல், தண்ணீர்த் தொட்டியில் ஓரம் ஓரமாக அமுக்குங்கள். வெல்டிங் ஓரத்தில் குமிழி வந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். விற்றவர் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். மதுரை வெயிலில் கார் டிக்கியில் மடித்துப் போட்டால், உள்பூச்சு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே லேசாகக் காற்று இருக்கும்படியே வையுங்கள்.