தப்பை எழுதினால் வேலை போகுமா?

கேள்வி: ஐயா, கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆறு மாதமாக ஷிஃப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். என் ஷிஃப்டில் பதினோரு பேர், அதில் ஏழு பேர் காண்ட்ராக்ட். எல்லோரும் என்னோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். போன மாதம் இரவில் யாரோ ஒரு வால்வை மூடாமல் விட்டு டேங்க் வழிந்துவிட்டது, இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. மேனேஜர் பெயர் கேட்கிறார். கண்டித்தால் மறைக்கிறார்கள், விட்டுப்பிடித்தால் பொறுப்பே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் எதைச் சொன்னாலும் "ஓகே சார்"தான். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, அந்தப் பெயரைத் தேடுவதை முதலில் விடுங்கள். ஒரு மாதம் கழித்து ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால் அவர் வெளியே போவார், மீதிப் பத்துப் பேரும் அடுத்த தப்பை இன்னும் நன்றாக மறைப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

இன்றைக்கு லாக் புக்கை, அதாவது மீட்டர் ரீடிங்கும் ஷிஃப்டில் நடந்ததும் எழுதும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நானும் இருபது வருடத்துக்கு மேல் ஷிஃப்ட் பார்த்தவன். மணிக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய எட்டு ரீடிங்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், கீழே "எல்லாம் நார்மல்" என்று இருந்தால் அது ஷிஃப்ட் முடியும்போது ஒரே மூச்சில் எழுதியது. இதைச் சோம்பல் என்று மட்டும் நினைக்காதீர்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரு போன் வந்தால் போதும், பர்மனென்ட் ஆளுக்காவது நோட்டீஸ், விசாரணை என்று ஏதோ இருக்கிறது. இந்த வித்தியாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு பதினோரு பேரும் ஒரே மாதிரி உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது நியாயமே இல்லை.

அதனால் மேனேஜரிடம் பெயருக்குப் பதில் ஒரு வாக்கைக் கேளுங்கள். தானாக வந்து தப்பைச் சொன்னவரை கேட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. போய்ப் பார்க்காமலே ரீடிங் போட்டவர், ஆபத்து வந்தால் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கைத் தெரிந்தே பைபாஸ் செய்து வேலை செய்யாமல் ஆக்கியவர் மேல் நடவடிக்கை உண்டு, பர்மனென்டோ காண்ட்ராக்டோ ஒரே சட்டம். இதை அவரே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், உங்கள் வாய் வழியாக வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் பயமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள், அதுதான் விஷயம். உங்கள் லாக் புக்கிலும் கொஞ்ச நாள் தப்புகள் கூடும், அதைப் பார்த்து அவர் கத்தினால் எல்லாம் போச்சு.

சரி, பொறுப்பு? அன்று இரவு அந்த வால்வை மூட வேண்டியவர் யார் என்று வேலை தொடங்கும்போதே பெயர் சொல்லிக் கொடுத்தீர்களா? "பார்த்துக்கோங்கப்பா" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அதில் பாதித் தப்பு உங்களுடையது. ஷிஃப்ட் மாறும்போது நோட்டை நீட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடாமல், பிளான்ட்டில் நின்று, எந்த வால்வு திறந்திருக்கிறது, எந்த பம்ப் கழற்றிக் கிடக்கிறது என்று கைகாட்டி ஒப்படைக்கச் சொல்லுங்கள். 1988 ஜூலையில் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் பகலில் ஒரு பம்ப்பின் சேஃப்டி வால்வைக் கழற்றியிருந்தார்கள், அந்தச் சேதி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை, இரவில் அந்த பம்ப்பை ஓட்டிவிட்டார்கள். கேஸ் கசிந்து வெடித்ததில் 167 பேர் செத்தார்கள். ரசாயனத்தோடு வேலை செய்கிற நமக்கு இது தூரத்துக் கதை இல்லை, தம்பி.

முதல் பதிவு உங்களுடையதாக இருக்கட்டும். இந்த ஆறு மாதத்தில் நீங்கள் மறந்தது ஒன்றாவது இருக்கும், அதைத் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் யாரும் தொடர மாட்டார்கள், அப்புறம் ஒருவர் எழுதுவார். அன்றைக்கு அவரை என்ன செய்கிறீர்கள் என்று மற்ற பத்துப் பேரும் பார்ப்பார்கள்.

வாட்ஸ்அப் குரூப்பை லீவு, ஷிஃப்ட் மாற்றம் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் அதில் கண்டிக்காதீர்கள்.